மேஜையின் மறுபாதி

கராகோல்,
அக்டோபர் 9

அன்புள்ள தம்பி மெடெருக்கு,

அக்கா பெர்மெட் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். பசு சினையாக இருக்கிறது. ஆப்பிள் பறித்து முடித்தாகிவிட்டது, ஒரு பெட்டி துராத் அண்ணனின் லாரியில் வருகிறது. கணவாய் தாண்டுவதற்குள் எல்லைக் காவல் பையன்கள் பாதியைத் தின்னாமல் விட்டால் உன் அதிர்ஷ்டம். நீ எப்படி இருக்கிறாய்? அந்த வானிலை நிலையத்தில் உன்னையும் வலேரியையும் விட்டால் காற்று மட்டும்தான் இருக்கிறது என்று அம்மா தினமும் புலம்புகிறாள்.

வேலை விஷயமாக ஒன்று கேட்க வேண்டும். ஒரு கல்யாணப் பரிசு செய்துகொண்டிருக்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் வழக்கமாக என்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். இரண்டு பெயர், நடுவில் ஒரு இதயம், கீழே தேதி. லேசர் இயந்திரமே சலித்துப்போய்விட்டது. இது அப்படி இல்லை. வால்நட் மரத்தில் ஒரு வட்டமான தாழ்மேஜை. மாப்பிள்ளையும் பெண்ணும் வயதானவர்கள், இரண்டு பேருக்கும் இது இரண்டாவது கல்யாணம். இதயம் போட்டால் வெட்கப்படுவார்கள். மலை பொறிக்கலாம் என்று நினைக்கிறேன். அதுவும் அஞ்சலட்டையில் வருகிற மலை வேண்டாம். உன் நிலையத்தின் வாசலில் நின்றால் தெரிகிற மலைத்தொடரை அப்படியே கோடாக வரைந்து அனுப்புவாயா? நிழலெல்லாம் வேண்டாம், விளிம்பு மட்டும் போதும்.

கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அக்கா


மேல் நிலையம்,
அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வலேரி நலம், பூனையும் நலம். ஆப்பிள் ஒன்றுகூடக் குறையவில்லை. துராத் அண்ணன் பெட்டியின் மேல் உட்கார்ந்தே ஓட்டிவந்தாரோ என்னவோ. காலுறை போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

படம் இத்துடன் இருக்கிறது. விரல் விறைத்துப்போகும்வரை வாசலில் நின்று வரைந்தேன். இடதுபக்கம் தெரிவது இரட்டைக் கொம்புச் சிகரம். அங்கிருந்து கோடு இறங்கி, நடுவே ஒரு மொட்டை முகடு. வலதுபக்கம் எங்கள் கொட்டகை மறைக்கிறது, அங்கே தோன்றியபடி இழுத்து முடித்துவிட்டேன். வலேரி எட்டிப்பார்த்துவிட்டு, "மலையா இது? ரொட்டி அறுக்கிற கத்தி மாதிரி இருக்கு" என்றான். நீ அவன் பேச்சைக் கேட்காதே.

ஒரு சந்தேகம். வயதான மாப்பிள்ளைக்குத் தாழ்மேஜை எதற்கு? தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டுமே. விட்டத்தில் ஒரு கயிறும் கட்டிக் கொடுத்துவிடு, பிடித்துக்கொண்டு எழுந்துகொள்வார்.

அம்மாவுக்கு என் முத்தம்.

மெடெர்


கராகோல்,
நவம்பர் 20

அன்புள்ள மெடெர்,

நாங்கள் நலம். இங்கே முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது. துராத் அண்ணனிடம் இருமல் மருந்தும் வெங்காயமும் கொடுத்திருக்கிறேன். உனக்கு இருமல் என்று யார் சொன்னது என்று கேட்காதே, குடித்துவிடு.

படம் நன்றாக இருக்கிறது. வலேரிக்குக் கண் சரியில்லை.

ஆனால் ஒரு தொல்லை. மேஜை என் இயந்திரத்தின் தட்டைவிட அகலம். ஒரே ஓட்டத்தில் பொறிக்க முடியாது. முதலில் இடது பாதி, பிறகு மேஜையைத் தள்ளி வைத்து வலது பாதி. இரண்டு ஓட்டமும் நடுவில் சந்திக்கிற இடத்தில் மயிரிழை தவறினாலும் முகடு படிபோல் உடைந்து தெரியும். பெயர் எழுதினால் ஒட்டுப்போட்டு மறைக்கலாம். மலையில் ஒட்டுப்போட முடியாது. பிளைவுட் துண்டுகளில் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒளியின் வலுவைக் கூட்டினால் ஓரம் கருகுகிறது, குறைத்தால் கோடு மேலாகவே நின்றுவிடுகிறது. மரத்தின் மேல் காகித நாடா ஒட்டிப் பொறித்தால் புகைக்கறை படிவதில்லை. கடை முழுக்கக் கருகிய வால்நட் வாசனை. அம்மா வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "கல்யாணத்துக்குச் செய்யுறியா, கருமாதிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை எழுந்திருக்கக் கயிறெல்லாம் வேண்டியதில்லை. நல்ல உழைப்பாளி. அப்படிப்பட்டவர்களைக் கேலி செய்யாதே.

குளிரில் ஜாக்கிரதை.

அக்கா


மேல் நிலையம்,
டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் இல்லை. இருந்தது, போய்விட்டது. உனக்கு எப்படித் தெரிந்தது?

கேலி செய்யக் கூடாது என்று நீ சொன்னதும் ஆவல் கூடிவிட்டது. யார் அந்த ஜோடி? பெண், சந்தையில் தொப்பி விற்கிற விதவை என்று நான் நினைக்கிறேன். மாப்பிள்ளை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்கிறான் வலேரி. துராத் அண்ணனிடமும் கேட்டேன். "ஊரெல்லாம் சுத்துறவர் நீங்க, உங்களுக்குத் தெரியாதா? அந்த வயசுல அந்த மனுஷனுக்குக் கல்யாண ஆசை வந்திருக்கே, வண்டி மேட்டுல ஏறுமா?" என்றேன். எப்போதும் முதலில் சிரிப்பவர் அவர்தான். இந்த முறை தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் களைத்திருப்பார் போல. இப்போது எதிரேதான் உட்கார்ந்து காலணியைக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் கிளம்புகிறார், இந்தக் கடிதமும் அவரோடு வருகிறது.

வசந்தத்தில் விடுப்பு கிடைக்கலாம். அம்மா கெஸ்மே நூடுல்ஸுக்கு மாவு தேய்ப்பதைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

மெடெர்


மேல் நிலையம்,
ஜனவரி 6

அக்காவுக்கு,

இதை எல்லைக் காவல் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அவரே சொல்லிவிட்டார். போன முறை கிளம்பும்போது லாரியில் ஏறி, எஞ்சினைப் போட்டு, பிறகு அணைத்துவிட்டு இறங்கி வந்தார். "மெடெர், உன் கடுதாசியையும் உங்க அக்கா கடுதாசியையும் சட்டைப்பையில வச்சுக்கிட்டு இனிமே என்னால கணவாய் ஏற முடியாது. அந்தக் கெழவன் நான்தான். பொண்ணு உங்கம்மா" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

இத்தனை மாதம் நீயும் அம்மாவும் என்னைச் சிரிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்.

நான் வரைந்த மலையை அந்த மேஜையில் பொறிக்காதே. அப்பா வாழ்ந்த வீட்டில் அது கிடக்க வேண்டாம். அவர் அப்பாவின் இடத்தில்தான் உட்காருகிறாரா?

காற்றுமானி உறைந்துவிட்டது. மேலே ஏறித் தட்ட வேண்டும்.

மெடெர்


கராகோல்,
பிப்ரவரி 2

அன்புள்ள மெடெர்,

நலம் என்று ஒரு வார்த்தைகூட இல்லாமல் நீ எழுதிய முதல் கடிதம் அது. இருந்தாலும் நான் கேட்கிறேன். நலமா?

யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. உன்னிடம் நேரில்தான் சொல்ல வேண்டும், காகிதத்தில் சொல்லக் கூடாது என்றாள் அம்மா. வசந்தத்தில் நீ வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னாள். நீ கேலி எழுதிய இடங்களை விட்டுவிட்டுத்தான் அவளுக்கு வாசித்தேன். படத்தை உன்னிடம் கேட்டது என் யோசனை. உன் கை அதில் இருந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். உன் கடிதத்தில் என்ன இருக்கும்? நலம், நலம், பூனையும் நலம். அதை நான் வாசித்து முடித்ததும் அம்மா, "அவ்வளவுதானா?" என்பாள். போன வருஷம் ஒருநாள் துராத் அண்ணன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றார்.

"மகன் நல்லா இருக்கானாம்" என்றாள் அம்மா.

"நல்லாத்தான் இருக்கான், காலிபா. காதுல பனி கடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உள்ள வந்து உக்காருங்க. எந்தக் காது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் தேநீர் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நீ என்ன சாப்பிட்டாய், தாடி வளர்த்திருக்கிறாயா, சிரித்தாயா என்றெல்லாம் கேட்பாள். அவர் சொல்வார். உன்னைப் பற்றிப் பேசிப் பேசி, பிறகு அவருடைய மனைவியைப் பற்றி, அப்பாவைப் பற்றி, பிறகு சும்மா மழையைப் பற்றி. எப்போது கடிதத்தை விட்டுவிட்டு லாரிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள் என்று அம்மாவுக்கே தெரியாது.

அப்பாவின் இடத்தில் அவர் உட்காருவதில்லை. "காலெல்லாம் கிரீஸ்" என்று கதவோரம் ஸ்டூலில்தான் உட்காருவார். அம்மா எத்தனை முறை கூப்பிட்டும் அங்கிருந்து நகர்ந்ததில்லை.

உன் கடிதத்தை முழுசாக வாசிக்கச் சொன்னாள் அம்மா. இந்த முறை எதையும் விடவில்லை. கேட்டுவிட்டு, "சரி" என்றாள். மறுநாள் துராத் அண்ணனிடம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவரும் "சரி" என்றார். ஊர் சிரிக்கும் என்று சித்தப்பா வந்து கத்தியபோது அசையாதவள் அவள். உன் ஒரு கடிதத்துக்கு அசைந்துவிட்டாள்.

மேஜையின் இடது பாதியை உன் கடிதம் வருவதற்கு முன்பே பொறித்துவிட்டேன். இரட்டைக் கொம்பு முடிந்து மொட்டை முகட்டில் கோடு நிற்கிறது. வலது பாதி வெறும் மரம். சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கராகோல்,
மார்ச் 11

மெடெர்,

நீ பதில் எழுதவில்லை. இதை யார் கையில் கொடுப்பது என்றும் தெரியவில்லை. ஒன்பதாம் தேதி கிளம்பிய துராத் அண்ணனின் லாரி திரும்பவில்லை. கணவாயில் பனிப்புயல் என்கிறார்கள். எல்லைக் காவல் சாவடியைத் தாண்டியது மட்டும் தெரியும், அதற்கு மேல் தகவல் இல்லை. அம்மா வாசலில் பனியை வாருகிறாள், வாரிய இடத்தையே மறுபடி வாருகிறாள்.

மார்ச் 12

இப்போதுதான் வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். காலை வானொலி அறிக்கையில் காற்று, அழுத்தம், பனியின் ஆழம் எல்லாம் சொன்ன பிறகு, "லாரி பனியில் சிக்கியிருக்கிறது. ஓட்டுநர் நிலையத்தில் நலம். காலிபாவின் வீட்டுக்குச் சொல்லவும்" என்று ஒரு வரி வந்ததாம். "சொந்த விஷயத்தை வானொலியில சொல்லக் கூடாதுன்னு உங்க தம்பிக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மாலைவரை எழுந்திருக்கவில்லை.

நன்றி, தம்பி.

அக்கா


மேல் நிலையம்,
ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலமா? நீ நலமா? பசு ஈன்றுவிட்டதா? இந்த முறை எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன்.

பாதை திறந்தபிறகு எல்லைக் காவல் வண்டியில் உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்தே வந்தன. நடந்ததை எழுதுகிறேன்.

லாரி வர வேண்டிய நாளில் வரவில்லை. மறுநாள் புயல் கொஞ்சம் அடங்கியதும் வலேரியை வானொலியோடு உட்காரவைத்துவிட்டுக் நிலையத்துக் குதிரையில் கீழே இறங்கினேன். கோபம் போகவில்லை. ஆனால் பாதையில் ஒரு மனிதன் இருந்தால் போகத்தானே வேண்டும். ஓடைவளைவில் லாரி பாதி புதைந்து கிடந்தது. கதவைத் தோண்டித் திறந்தேன். மெல்லிய சட்டையோடு உட்கார்ந்திருந்தார், உதடு நீலம்.

"கோட்டு எங்க?" என்று கத்தினேன்.

"கெழங்கு மேல" என்றார். "உறைஞ்சா கறுத்துரும்."

பின்னால் பார்த்தேன். எங்கள் உருளைக்கிழங்கு மூட்டைக்குத் தன் ஆட்டுத்தோல் கோட்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் திட்டிக்கொண்டேதான் குதிரையில் ஏற்றினேன். வழியெல்லாம் திட்டினேன். அவருக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

பாதை திறக்கும்வரை எங்களோடுதான் இருந்தார். அடுப்புக் கதவின் கீல் போயிருந்தது, சரிசெய்தார். வலேரியோடு சீட்டாடித் தோற்றார். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"அம்மாகிட்ட என்னைப் பத்தி என்ன சொல்வீங்க?"

"ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான். சிரிச்சான். பூனையோட வெளையாடினான்."

"நான் எப்ப பூனையோட வெளையாடினேன்?"

"வெளையாடலதான்" என்றார். "காதையும் இருமலையும் மட்டும் நெசமா சொன்னேன். அதுக்கு அவங்க மொகம் போன போக்கைப் பாத்துட்டு, மத்ததெல்லாம் பாதிக்குப் பாதி பொய்தான்."

வலேரி மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன் அக்கா. அடக்கித்தான் பார்த்தேன்.

அம்மா கல்யாணம் வேண்டாம் என்றதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிறகு கேட்டேன். "அம்மா வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் ஏன் இந்தப் புயல்ல வந்தீங்க?"

"கல்யாணம் நின்னா கெழங்கும் நின்னுடுமா?" என்றார். நான் கேட்டதுதான் அசட்டுக் கேள்வி என்பதுபோல.

அவர் போன பிறகு நிறைய யோசித்தேன். அதையெல்லாம் எழுத வரவில்லை.

முன்பு அனுப்பிய படத்தின் வலதுபக்கத்தைத் தூக்கிப்போட்டுவிடு. நேற்று கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று சரியாக வரைந்தேன். அங்கே நின்றால்தான் கணவாய் தெரிகிறது. மொட்டை முகட்டிலிருந்து கோடு இறங்கி, கணவாயின் பள்ளம், அதில் வளைந்து வருகிற லாரிப் பாதை. பாதை சரியாக வந்திருக்கிறதா என்று அவரிடம் காட்டாதே. பரிசு அல்லவா, கொடுக்கும்போது பார்க்கட்டும்.

அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கே தெரியும்.

மெடெர்


கராகோல்,
மே 4

அன்புள்ள மெடெர்,

நலம், நலம். பசு கிடாரி ஈன்றிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அம்மா உன் கடிதத்தை என்னிடமிருந்து பிடுங்கித் தானே எழுத்துக்கூட்டி வாசித்தாள். கிழங்கு வருகிற இடத்தில் நிறுத்தினாள். "கோட்டைக் கழட்டிக் கெழங்குக்குப் போத்தியிருக்கான், மடையன்" என்றாள். பிறகு அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வசதியா என்று கேட்டாள். எனக்கு வசதியா என்று கேட்கிறாள் பார்!

மேஜை முடிந்தது. வலது பாதியை ஓட்டுவதற்கு முன் பிளைவுட்டில் பொறித்துப் பார்த்தேன். முகடு படிபோல் உடைந்தது. இன்னொரு துண்டில் பார்த்தேன், அதிலும் இடைவெளி. தட்டின் ஓரத்தில் ஒரு கட்டையை அறைந்து, மேஜை அதில் இடித்து நிற்கும்படி செய்தபிறகுதான் பொருந்தியது. அப்புறமும் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. ஒளிப்புள்ளி பழைய கோட்டின் நுனியைத் தொடும்வரை நான் மூச்சுவிட்டதாக நினைவில்லை. காகித நாடாவை உரித்துப் பார்த்தேன். எங்கே சேர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. எண்ணெய் பூசிக் காயவைத்திருக்கிறேன். உன் பாதை அழகாக வந்திருக்கிறது. பெயரும் தேதியும் போடவில்லை.

சனிக்கிழமைக்கு வந்துவிடு.

அக்கா


மேல் நிலையம்,
மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எனக்குப் பதிலாக வர வேண்டியவனுக்குக் கால் முறிந்துவிட்டதாம். ஜூலைவரை இறங்க முடியாது. அலுவலகத்தில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். வேண்டுமென்றே வரவில்லை என்று அம்மா நினைத்துவிடக் கூடாது. அதை அவளுக்கு நன்றாகச் சொல்.

இனி அவரை எப்படிக் கூப்பிடுவது என்று வலேரி கேட்கிறான். அண்ணன் என்றால் அவர் அம்மாவுக்கு மகனாகிவிடுவார். அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவரும் எதிர்பார்க்க மாட்டார். இப்போதைக்கு "வாங்க" என்று மட்டும் சொல்வதாக இருக்கிறேன்.

சனிக்கிழமை அவரை உள்ளே, எல்லோருக்கும் நடுவில் உட்காரவை. கதவோரம் வேண்டாம். நான் சொன்னேன் என்று சொல்.

மெடெர்


கராகோல்,
ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆட்கள் கொஞ்சம்தான். சித்தப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஆட்டுக்கறியைக் கண்டதும் இறக்கிவிட்டார். நீ சொன்னதைச் சொன்னேன். துராத் அண்ணன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, காலணியைக் கழற்றி, காலைக் கழுவிக்கொண்டு, உள்ளே வந்து நடுவில் உட்கார்ந்தார். அன்று முழுக்க அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை, எழுந்தால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல.

விருந்தாளிகள் போன பிறகு மேஜையைக் கொண்டுவந்து வைத்துத் துணியை எடுத்தேன். அம்மா கையால் தடவிப் பார்த்தாள். துராத் அண்ணன் விரலைப் பாதையில் வைத்து, கணவாயிலிருந்து கீழே வரை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓடைவளைவில் விரல் நின்றது. "இங்கதான்" என்றார்.

மறுநாள் சமையலறைக்குள் போனேன். அம்மா மேஜை முழுக்க மாவைக் கொட்டி, அதன்மேல் கெஸ்மேக்குத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்! "அம்மா! அது பரிசும்மா! எவ்வளவு பாடுபட்டேன்!" என்று அலறினேன். "மேஜைன்னா வேலை செய்யணும்டி. சுவர்ல மாட்டி அழகு பாக்கவா?" என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். முடித்துத் துடைத்தபோது, பொறித்த கோடுகளில் மாவு அப்படியே தங்கிவிட்டது. அதைக் கிளறி எடுக்க நான் ஊசியைத் தேடி ஓடினேன். துராத் அண்ணன் எட்டிப் பார்த்து, "விடும்மா. மேல பனி விழுந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். திரும்பிப் பார்த்தேன். கறுத்த வால்நட்டில் இரட்டைக் கொம்பிலிருந்து கணவாய்வரை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஊசியை மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன்.

நாளைக் காலையில் லாரி கிளம்புகிறது. எல்லைப் பகுதிக்கு இரண்டாவது அனுமதிச் சீட்டும் வாங்கியாகிவிட்டது. மாவு, நெய், மூன்று ஜோடிக் காலுறை எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் கம்பளி விரித்திருக்கிறது. அதனால் அம்மாவின் நலத்தை இந்த முறை நான் எழுதவில்லை. இதை நீ வாசிக்கும்போது எதிரேதான் உட்கார்ந்திருப்பாள். நீயே கேட்டுக்கொள்.

அக்கா